“நான் உயிரோடு இருக்கும்வரை அந்த மண்ணை மிதிக்காதே!”

வாசகி கடிதம்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

சண்டை என் கணவருக்கும் மாமியாருக்கும். நடுவில் கிடந்து நசுங்குவது நான். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எனக்கு 44 வயது. சொந்த ஊர் திருச்சி உறையூர். வேலைக்காக நியூ ஜெர்சி வந்தேன். அதே மருத்துவமனையில் வேலை பார்த்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் கியூபாக்காரர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கே யூனியன் சிட்டியில்தான். ஆனாலும் யார் கேட்டாலும் ‘கியூபன்’ என்றுதான் சொல்வார். வயது 50. எங்களுக்கு ஒரே மகள், 13 வயது. மாமனார் தவறிவிட்டார். மாமியாருக்கு 78. கீழ்வீட்டில் அவர், மாடியில் நாங்கள். நான் ‘அத்தை’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே தன் பெயர் என்பதுபோல அவரும் பழகிவிட்டார். எனக்கு ஸ்பானிஷ் பேசவும் கறுப்பு பீன்ஸ் சமைக்கவும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆகவே இதை வழக்கமான மாமியார் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யூனியன் சிட்டி மிகச் சிறிய ஊர். மூன்று சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அதில் 68 ஆயிரம் பேர். ஆற்றுக்கு எதிர்க்கரையில் மன்ஹாட்டன். ‘ஹட்சன் கரை ஹவானா’ என்று ஒரு காலத்தில் இதற்குப் பட்டப்பெயர். கியூபாவின் லாஸ் வில்லாஸ் மாகாணத்துச் சிற்றூர்களிலிருந்து, குறிப்பாக பொமெந்தோ பக்கத்திலிருந்து, காஸ்ட்ரோவின் புரட்சிக்கு முன்பே சிலர் இங்கே வந்திருக்கிறார்கள். காரணம் எம்பிராய்டரி ஆலைகள். ஒருவர் வந்து வேலையில் சேர்ந்ததும் தம்பியை வரவழைப்பார், தம்பி மச்சானை வரவழைப்பார். 1959-க்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இப்போது பெர்கன்லைன் அவென்யூவில் ஈக்வடார், டொமினிகன், கொலம்பியா கடைகள்தான் அதிகம். கியூபாக்காரர்களில் பலர் மயாமிக்குப் போய்விட்டார்கள். அத்தை போகவில்லை.

என் மாமனாரும் பொமெந்தோதான். 1966-ல் நாட்டை விட்டுப் போக மனுக் கொடுத்தார்களாம். அந்த நிமிடமே வேலை போயிற்று. மாமனாரைக் கரும்பு வெட்ட அனுப்பினார்கள். வீட்டிலிருந்த நாற்காலி, தட்டு, போர்வை வரை ஆட்கள் வந்து கணக்கெடுத்தார்கள். கிளம்புகிற அன்று அந்தக் கணக்கில் ஒரு பொருள் குறைந்தாலும் பயணம் கிடையாது. இப்படி நாலு வருஷம் காத்திருந்து, 1970-ல் வரதேரோவிலிருந்து விமானம் ஏறினார்கள். அத்தைக்கு அப்போது 23 வயது. அவருடைய அம்மாவும் அண்ணனும் அங்கேயே இருந்துவிட்டார்கள். அண்ணன் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்.

என் கணவர் தன் சிறுவயதைப் பற்றிச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது. அப்பாவுக்கு ஷிஃப்லி எனும் எம்பிராய்டரி இயந்திரத்தில் ஷிஃப்ட் வேலை. அம்மா வீட்டிலேயே துணியில் நூல் கத்தரித்துக் கொடுத்துக் கூலி வாங்குவார். இருவருக்கும் ஆங்கிலம் வராது. எட்டு வயதிலிருந்து மின்சாரக் கம்பெனி, வாடகைக்காரர், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் பேசியது இவர்தான். தன் டீச்சர் தன்னைப் பற்றிச் சொன்ன குறையைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்த்திருக்கிறார். (“கொஞ்சம் திருத்தித்தான் சொன்னேன்” என்பார்.) 11 வயதில் ஒரு டாக்டர் இவரிடம், “உன் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது, கால் விரலை எடுக்கணும்னு சொல்லு” என்றிருக்கிறார். இவர் அப்பாவிடம், “சின்ன ஆபரேஷன், சீக்கிரம் ஆறிடுமாம்” என்று சொல்லியிருக்கிறார். மயக்கம் தெளிந்து எழுந்தபிறகுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அதற்காக அவர் பையனை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது மட்டும் இவர் முகம் மாறிவிடும்.

இன்னொன்றும் சொல்வார். நாய் வளர்க்க ஆசைப்பட்டிருக்கிறார். “ஊருக்குத் திரும்பிப் போனதும் வாங்கலாம், அங்கே முற்றம் பெரிசு” என்பார்களாம். ஒவ்வொரு புத்தாண்டு இரவும் 12 திராட்சை தின்றுவிட்டு, ‘அடுத்த வருஷம் கியூபாவில்’ என்று கோப்பையைத் தூக்குவார்கள். சின்னப் பிள்ளை இல்லையா, அதை அப்படியே நம்பியிருக்கிறார். நாய் கடைசிவரை வரவில்லை.

இப்போதைய பிரச்சினைக்கு வருகிறேன். அத்தையின் அண்ணன் மகன் ஒருவர் பொமெந்தோவில் இருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன் அவர் வாட்ஸ்அப்பில் என் கணவரைத் தேடிப் பிடித்தார். அங்கே மருந்துக்கு எவ்வளவு திண்டாட்டம், மின்சாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்பதெல்லாம் உங்களுக்கும் செய்திகளில் தெரிந்திருக்கும். பிரஷர் மாத்திரை, ஆன்டிபயாடிக் என்று இவர் பார்சல் அனுப்ப ஆரம்பித்தார். அத்தைக்குத் தெரியாமல்தான். எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு ரசீது அத்தை கண்ணில் பட்டுவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் எங்களுக்குக் காபி மட்டும் வரவில்லை.

கடந்த கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, நோச்செபுவெனா. அவர்களுக்கு வருஷத்தின் பெரிய விருந்து அதுதான். பன்றி வறுவல், மரவள்ளிக்கிழங்கு, சாதம், பீன்ஸ். உறவுக்காரர் இருபது பேர் கூடியிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் திடீரென்று, “ஏப்ரலில் பொமெந்தோ போகிறேன், மகளையும் கூட்டிப் போகிறேன்” என்று சொல்லிவிட்டார். அத்தை தட்டைக் கீழே வைத்தார். “நான் உயிரோடு இருக்கும்வரை நீ அந்த மண்ணை மிதிக்கக் கூடாது. அவர்களுக்கு ஒரு டாலர்கூட என் பிள்ளை கையால் போகக் கூடாது” என்றார். இவரும் சும்மா இருக்கவில்லை. “உங்கள் கோபத்துக்கு நான் ஐம்பது வருஷம் கப்பம் கட்டியாச்சு, போதும்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து இருவரும் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். “அவனிடம் சொல்லு”, “அம்மாவிடம் கேளு.” அவர்கள் சொல்வதை அப்படியே சொன்னால் வீடு இரண்டாகிவிடும். காரத்தை எடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன். காலைக் காபியை மகளிடம் கொடுத்து அனுப்புகிறார் அத்தை. மகளோ, “அபுவேலாவை (பாட்டியை) அழவைக்கிற ஊருக்கு நான் வரமாட்டேன்” என்று அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அத்தையின் தையல் மெஷின் டிராயரில் ஒரு பழைய மூக்குக் கண்ணாடி இருக்கிறது. யாருடையது என்று மகள் கேட்டபோது, “என் அம்மாவுக்காகச் செய்தது. 79-ல் தெருவில் பாதிப்பேர் ஊருக்குப் போனார்கள், கொடுத்தனுப்பலாம் என்று இருந்தேன்” என்று மட்டும் சொன்னாராம். அந்த அம்மா 1981-ல் இறந்துபோனார். சேதி கடிதத்தில் வந்து சேர ஐந்து வாரம் ஆனதாம்.

இந்த இருவரையும் எப்படிச் சமாதானப்படுத்துவது? அத்தையின் காலம் முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி நான் கணவரை வற்புறுத்தலாமா? இல்லை, அத்தையின் பிடிவாதத்தைத்தான் உடைக்க வேண்டுமா? அவர் போவதாக இருந்தால் நானும் கூடப் போக வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
நியூ ஜெர்சி


ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ என்று கடைசியில் எழுதினீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

1979-ல் என்ன நடந்தது என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா? அவருக்கு அப்போது நாலு வயது. அதுவரை நாட்டை விட்டுப் போனவர்களை ‘புழுக்கள்’ என்று திட்டிக்கொண்டிருந்த காஸ்ட்ரோ அரசு, 1978-ன் இறுதியில் அவர்களில் சிலரை அழைத்துப் பேச்சுவார்த்தை நடத்தியது. அதன் பலனாகச் சுமார் 3,600 அரசியல் கைதிகள் விடுதலையானார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் உறவினர்களைப் பார்க்க வரவும் அனுமதி கிடைத்தது. மறு வருஷம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் போய் வந்தார்கள். உங்கள் அத்தை சொன்ன ‘தெருவில் பாதிப்பேர்’ அவர்கள்தான்.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. பேச்சுவார்த்தைக்குப் போனவர்களைத் துரோகிகள் என்று சொல்லி, காஸ்ட்ரோவை எதிர்த்து வெளியேறியவர்களிலேயே ஒரு கும்பல் வேட்டையாடியது. கியூபாவுக்குப் பயண ஏற்பாடு செய்துகொடுத்த கார்லோஸ் முனீஸ் வரேலா என்ற இளைஞரை ஏப்ரலில் போர்ட்டோ ரிக்கோவில் சுட்டார்கள். நவம்பர் 25 அன்று எவுலாலியோ நெக்ரின் என்பவரை அவருடைய மகன் கண்முன்னே சுட்டுக் கொன்றார்கள். பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தவர் அவர். கொலை நடந்த இடம் உங்கள் யூனியன் சிட்டி. ஒமேகா 7 என்ற அமைப்பு அதற்குப் பொறுப்பேற்றது. நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் அவர்கள் வைத்த குண்டுகள் பல.

உங்கள் அத்தை இதற்குப் பயந்துதான் போகவில்லை என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. பணம் இல்லாமல் இருந்திருக்கலாம். கணவர் விடாமல் இருந்திருக்கலாம். மனதாரவே போக மறுத்திருக்கலாம். ஆனால் நாலு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அந்தச் சிறிய ஊரில் இருந்த ஒரு பெண்ணின் காதுக்கு அந்தக் கொலை எட்டாமல் இருந்திருக்காது. கண்ணாடி செய்தாயிற்று. கொடுத்தனுப்ப ஆளும் இருந்தது. ஆனாலும் கண்ணாடி டிராயரிலேயே கிடக்கிறது. இரண்டே வருஷத்தில் அம்மா போய்விட்டார். சாவுக்கும் போக முடியவில்லை, சேதியே ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது.

இப்படிப்பட்ட இழப்பைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலிருந்து ஆராய்ந்திருக்கிறார். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவர் ஆரம்பித்தார். ஆள் இருக்கிறாரா, இல்லையா? திரும்பிப் பார்ப்போமா, மாட்டோமா? இதற்கு விடை தெரியாத துக்கத்தில் மனம் அழுது தீர்க்கவும் மாட்டாது, விட்டு நகரவும் மாட்டாது. நாடு விட்டு வந்தவர்களுக்கு இது பெருமளவில் பொருந்தும். ‘அடுத்த வருஷம் கியூபாவில்’ என்று கோப்பை தூக்கிய அந்த வீட்டில், நாய்கூட வாங்காமல் காத்திருந்த அந்த வீட்டில், யாரும் உட்கார்ந்து அழுது முடிக்கவே இல்லை.

அப்படி உள்ளே தேங்கிய துக்கத்துக்கு அந்தச் சமூகம் ஒரு மரியாதையும் கொடுத்து வைத்திருந்தது. போகாதவர்தான் மானஸ்தர். அத்தை 55 வருஷமாக அந்த மரியாதையில்தான் வாழ்கிறார். இப்போது மகன் போய் ஒரு வாரம் தங்கி, மாமன் மகனோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால், அவர் காதில் என்ன விழும்? “போயிருக்கலாமே அம்மா, இவ்வளவுதானே” என்று விழும். அவர் தடுப்பது மகனின் பயணத்தை என்று நான் நினைக்கவில்லை. தான் போகாததற்கு மகன் எழுதப்போகும் தீர்ப்பைத் தடுக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபிறகு வந்த ஊகம்.

அவருடைய கோபத்துக்கு நேரான காரணங்களும் உண்டு. வீட்டைக் கணக்கெடுத்துப் பிடுங்கினார்கள். கணவரைக் கரும்புக் காட்டுக்கு அனுப்பினார்கள். 2021 ஜூலையில் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து நீண்டகாலச் சிறைத்தண்டனை கொடுத்த அரசு அது. அந்த அரசுக்கு ஒரு டாலர் போகக் கூடாது என்பது ஒரு கருத்து. கணவருக்கு வேறு கருத்து இருக்கலாம். வீட்டுக்குள் ஒருவரின் கருத்தை நோய் மாதிரிப் பார்த்து மருந்து தேட வேண்டாம். அதை உடைக்கவும் முடியாது, உடைக்கத் தேவையும் இல்லை.

அடுத்து, உங்கள் கணவர். நோச்செபுவெனா விருந்தில், இருபது பேர் முன்னால், 78 வயது அம்மாவிடம் அப்படி அறிவித்தது மோசமான காரியம். இதில் நான் அவர் பக்கம் பேச மாட்டேன். தனியாகச் சொல்லும் தைரியம் இல்லாமல் கூட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். நாலு வருஷம் பார்சலை மறைத்ததும் அப்படித்தான். அத்தை ரசீதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை என்றால், அவருக்கு வலித்தது மருந்து போனதா, மறைத்ததா என்று யோசித்துப் பாருங்கள். அங்கே இருப்பது அவர் அண்ணன் பிள்ளை. மருந்து வேண்டாம் என்று அவர் எங்கும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

ஆனால் அந்த மனிதர் ஏன் இப்படி இருக்கிறார் என்பதற்கு விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எட்டு வயதில் ஆபீஸ் கவுன்டரில் பெரியவர், வீட்டுக்கு வந்தால் பிள்ளை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுக்க வேண்டுமானால் வார்த்தையை வெட்டி ஒட்டித்தான் சொல்ல வேண்டும். அவர் கற்றுக்கொண்டது அதைத்தான். மயாமியில் கியூபாக் குடும்பங்களோடு 1970-களிலிருந்து வேலை செய்த ஹோசே ஷபோச்னிக் என்ற உளவியலாளர் இதைக் கூர்ந்து கவனித்தவர். அவரும் ஹவானாவில் பிறந்தவர்தான். பிள்ளைகள் புது நாட்டுக்குள் வேகமாகப் போய்விடுகிறார்கள். பெற்றோர் மெதுவாக வருகிறார்கள். அந்த இடைவெளி அகல அகலப் பெற்றோர் பிடியை இறுக்குகிறார்கள், பிள்ளைகள் திமிறுகிறார்கள். பதின்வயதில் வெடித்திருக்க வேண்டிய இந்தத் திமிறல் உங்கள் கணவரிடம் 50-ல் வெடித்திருக்கிறது. அப்பாவின் விரல் போன பையனுக்குத் திமிற எங்கே நேரம் இருந்தது?

அந்த விரல் விஷயத்தை அவர் இன்னும் சுமக்கிறார் என்பது தெரிகிறது. 11 வயதுப் பையன் கையில் அந்தச் சேதியைக் கொடுத்தது அந்த டாக்டரின் தவறு. பையனின் தவறு இல்லை. இன்று அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் உண்டு. மருத்துவமனையில் வேலை செய்கிற உங்கள் இருவருக்கும் இது தெரியாதது அல்ல. தன் விஷயத்தில் மட்டும் அவர் இதை யோசித்திருக்க மாட்டார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

“காரத்தை எடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் 11 வயதில் செய்ததும் இதுதானே? அந்த வேலையை இப்போது நீங்கள் பார்க்கிறீர்கள். காலைக் காபியைத் தூக்கிக்கொண்டு உங்கள் மகளும் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு தலைமுறையாக இந்த வீட்டில் யாரோ ஒருவர் நடுவில் நின்று பேச வேண்டியிருக்கிறது. எட்டு வயதில் அதற்கு வேறு வழி இல்லை, ஏனென்றால் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இன்றைக்கு அம்மாவும் பிள்ளையும் ஒரே மொழி பேசுகிறவர்கள். அவர்களுக்கு எதற்கு ஆள்? நீங்கள் மென்மையாக்கிச் சொல்லச் சொல்ல, அத்தைக்கு மகனின் உண்மையான கோபம் தெரியாது. மகனுக்கு அம்மாவின் உண்மையான பயமும் தெரியாது. நீங்கள் இருக்கும் தைரியத்தில் இருவரும் வருஷக்கணக்கில் பேசாமலே இருந்துவிட முடியும்.

ஆகவே முதல் காரியம், தூது போவதை நிறுத்துங்கள். கோபித்துக்கொண்டு அல்ல. “அத்தை, இதை அவரிடமே சொல்லுங்கள். வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வாய் திறக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். கணவரிடமும் இதையே சொல்லுங்கள். சில நாள் வீடு இன்னும் மௌனமாகும். சாப்பாட்டு நேரம் நரகமாக இருக்கும். காபி மறுபடி நின்றுபோகலாம். இருவரும் சேர்ந்து உங்களிடம் கோபிக்கவும் கூடும் (அது ஒருவகையில் முன்னேற்றம்தான்). அவசரப்பட்டு நடுவில் புகுந்துவிடாதீர்கள். ஷபோச்னிக் குழுவினர் சிகிச்சை அறையில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். குடும்பத்தினர் சிகிச்சையாளரைப் பார்த்துப் புகார் சொன்னால், அவரைப் பார்த்தே சொல்லுங்கள் என்று ஒருவர் பக்கம் ஒருவரைத் திருப்பிவிடுவார்கள்.

மகளை இன்றைக்கே விடுவியுங்கள். காபியை அவள் தூக்கி வர வேண்டாம். கணவர் கீழே இறங்கிப் போய்க் குடிக்கட்டும். குடிக்காவிட்டால் போகட்டும். இந்தப் பயணத்துக்கு அவளை வற்புறுத்த வேண்டாம். பாட்டியின் கண்ணீரும் அப்பாவின் ஆசையும் 13 வயதுப் பெண்ணின் தலையில் ஏறக் கூடாது. பிறகு எப்போதாவது அவளே போக நினைத்தால் போகட்டும்.

கணவர் அம்மாவிடம் பேச வேண்டும். எப்படி என்பதைப் பற்றி எனக்குச் சில யோசனைகள் உண்டு. அம்மாவின் சமையலறையில், அவர் மட்டும் இருக்கும்போது. முதலில் நோச்செபுவெனா அன்று எல்லார் முன்னாலும் பேசியதற்கு மன்னிப்பு. பயணத்துக்கு மன்னிப்பு இல்லை, பேசிய விதத்துக்கு மட்டும். பிறகு பார்சல் விஷயத்தைத் தானே சொல்லிவிட வேண்டும். என்ன அனுப்பினார், யாருக்கு, எவ்வளவு. அதற்குப் பிறகு கேட்கட்டும்: “79-ல் நம்ம தெருவில் என்ன நடந்தது அம்மா? எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.” “நீங்கள் ஏன் போகவில்லை” என்று கேட்கவே கூடாது, அது விசாரணை. தெருவைப் பற்றிக் கேட்டால் அவர் தன்னைப் பற்றிச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவர் இஷ்டம். கண்ணாடியை இவர் வெளியே எடுக்க வேண்டாம். அது பேத்தியிடம் சொன்ன ரகசியம். எடுக்க வேண்டுமென்றால் அத்தையே எடுப்பார். அவர் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடலாம். அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு இவர் பேசாமல் இருக்க வேண்டும். மறுநாளும் காபிக்கு இறங்கிப் போக வேண்டும்.

அவர் அனுமதி கேட்கவே கூடாது. 50 வயது மனிதர் அனுமதி கேட்டால், கொடுக்கும் பொறுப்பு அம்மா தலையில் விழும். கொடுத்தால் அவர் தன் சபதத்தை மீறியவர் ஆவார். “நான் போகிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்வது எனக்குத் தெரியும். நீங்கள் ஒத்துக்கொண்டதாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்றால் போதும். அப்போது அத்தை கடைசிவரை எதிர்த்தவராகவே இருக்கலாம். அந்த மரியாதையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

அத்தையின் காலம் முடியும்வரை தள்ளிப்போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அப்படித் தள்ளிப்போட்டால், பெற்ற தாயின் சாவுக்குக் காத்திருக்கும் நிலைக்கு ஒரு மகனைத் தள்ளுகிறீர்கள். அவர் அதை வெளியே சொல்ல மாட்டார், ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளிலும் மனதுக்குள் வரும். நாளை அத்தை போய்ச் சேர்ந்த பிறகு கிளம்பினால் அந்தப் பயணமே குற்றவுணர்ச்சியாகிவிடும். அதோடு, பொமெந்தோவில் எந்த வீடு, எந்தத் தெரு, யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்ல அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். ஏப்ரல் தேதியை ஓரிரு மாதம் மாற்ற முடியுமென்றால் மாற்றட்டும். பேச்சு முதலில், பயணம் பிறகு. அதற்கு மேல் ஒத்திப்போட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘உயிரோடு இருக்கும்வரை’ என்பது கோபத்தில் எல்லா வீட்டிலும் வருகிற பேச்சு. ஆனால் 78 வயதில் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்தாலோ, தூக்கம் போனாலோ, ‘நான் இருந்து என்ன’ என்று அடிக்கடி சொன்னாலோ, அதைப் பயணச் சண்டையின் பகுதியாக நினைத்து விட்டுவிடாதீர்கள். உங்கள் பகுதியில் ஸ்பானிஷ் பேசும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் ஸ்பானிஷிலேயே பேசக்கூடிய ஒருவரிடம் அழைத்துப் போங்கள், உங்களை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கும் ஒருவரிடம் அல்ல. கணவரும் தனியாகச் சில அமர்வுகள் போவது நல்லது. கியூபாவைப் பற்றிப் பேச இல்லை, அந்த ஆபரேஷனைப் பற்றிப் பேச.

நீங்களும் கூடப் போக வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்த முறை வேண்டாம். நீங்கள் போனால் அங்கேயும் மாமன் மகனுக்கும் இவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவீர்கள் என்பது என் சந்தேகம். வீட்டில் இருங்கள். அத்தை உங்களிடம், “அவன் போய்ச் சேர்ந்தானா, சாப்பிட்டானா, என்ன பார்த்தானாம்” என்று சுற்றி வளைத்துக் கேட்பார். கட்டாயம் கேட்பார். ஆகவே கிளம்பும் முன்பே கணவரிடம் சொல்லிவிடுங்கள்: அங்கே நெட் கிடைக்கும்போது அவர் முதலில் அழைக்க வேண்டியது உங்கள் நம்பரை அல்ல, அம்மாவின் நம்பரை.

அன்புடன்,
ஆலோசகர்